புளுட்டோனியத்துக்குப் பதில் சீரியம்

ஞாயிறு, ஆவணி 15

உடம்பெல்லாம் அசதி, தூக்கம்தான் வரவில்லை. இன்று திண்டிவனத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் கொடுத்த காபியை மாப்பிள்ளையின் அம்மா முதலில் வாயில் வைக்கவே இல்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடியே, "அணுக்கழிவுல வேலன்றாங்களே, நாளைக்குக் கொழந்த குட்டிக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டார். எங்கள் ஊர் செஞ்சிக் கடைவீதியில் யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவ நெஜத்த தொட்டதே இல்லீங்க. அதுக்குப் பதிலா வேற ஏதோ பவுடரக் கண்ணாடியில போட்டு உருக்கிப் பாக்குறா. எல்லாம் டூப்பு."

டூப்பாம். அது சீரியம், அணுக்கழிவைக் கண்ணாடிக்குள் பூட்டிவைக்கும் சோதனைக்காக. உருகிய கண்ணாடிக்குள் ஏறக்குறைய புளுட்டோனியம் மாதிரியே நடந்துகொள்ளும், கதிர்வீச்சுதான் கிடையாது. நான்கு வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஆனால் அம்மா சொன்னதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. ஆறி ஆடை படிந்த காபியை மாப்பிள்ளையின் அம்மா ஒரே மடக்கில் குடித்தார். அதுவரை அம்மாவுக்குப் பக்கத்தில் முகம் இறுகி உட்கார்ந்திருந்த நைனா அப்போதுதான் சிரித்தார். போகும்போது எனக்குப் பூ வைத்துவிட்டே போனார்கள்.

அடுத்த சோதனையை நிஜ புளுட்டோனியத்தில் செய்ய போன வெள்ளிக்கிழமையே அனுமதி வந்துவிட்டது. நானே கேட்டு வாங்கியது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. விடிந்ததும் அம்மா கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் போகிறாளாம்.