ஏழாயிரம் அடிக்கு இறங்கவும்

உத்திரமேரூர்
18 ஜனவரி 2025

கீர்த்தி கண்ணு,

அம்மா சௌக்கியம். ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடுகிறது. நான் மட்டும் சௌக்கியமில்லை. மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மெசேஜுக்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். கோபமென்றால் கிழித்துப் போடு, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

அன்று நான் ரேடார் முன் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தபோது உன் விமானம் வந்தது. பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவாயே, ரேடியோவில் அந்தச் சத்தம்! மூன்று வருஷம் காஞ்சிபுரம் காலேஜ் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதாயிற்றே. "ஏழாயிரம் அடிக்கு இறங்கவும்" என்று இங்கிலீஷில் சொன்னவள் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சனியன் பிடித்த வாய். "நல்லா கீறியாடி?" என்று நம் ஊர்ப் பேச்சில் நலம் கேட்டுத் தொலைத்தேன்.

நீ "ரோஜர்" என்றாய். அவ்வளவுதான். ரோஜர் என்றால் காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம்; என்ன விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? விமானி எண்ணைத் திருப்பிச் சொல்லும்வரை விடக்கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். நான் விட்டுவிட்டேன். உன் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அடுத்த விமானத்துக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் நீ ஏழாயிரத்தையும் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கிறாய். ஆறாயிரத்தில் குறுக்கே ஒரு சரக்கு விமானம். மேலே ஏறச் சொல்லி நான் கத்திய கத்தல் உனக்கு நினைவிருக்கும்.

உன் விமானத்தில் நூற்று எழுபத்திரண்டு பேராம். விசாரணை முடியும்வரை என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் யாராவது "இன்னாம்மா, ஏரோப்ளேன் வேல எப்டி கீது?" என்று கேட்டால் உடம்பெல்லாம் கூசுகிறது. உன்னைக் கொல்லப் பார்த்தேனேடி. மன்னித்துவிடு.

உன்
சுதா


பெங்களூரு
3 பிப்ரவரி 2025

சுதா,

கடிதம் கிடைத்தது. உன்னை நீயே இவ்வளவு திட்டிக்கொள்ளாதே, படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. நடந்தது நடந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணையில் கேட்டதற்கு நான் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு மறுபடியும் டியூட்டி போட்டுவிட்டார்கள். எல்லாம் முடிகிறவரை நாம் பேசாமலிருப்பதுதான் இருவருக்கும் நல்லது. பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல். கிளம்ப வேண்டும், வண்டி வந்துவிட்டது.

கீர்த்தி


உத்திரமேரூர்
9 மார்ச் 2025

கீர்த்தி கண்ணு,

இதற்குப் பெயர் கடிதமா? மருந்துச் சீட்டில்கூட இதைவிட அதிகம் எழுதுவார்கள். இருந்தாலும் பெரியம்மாவைக் கேட்டாயே, அம்மாவுக்கு அது போதும்.

வியாழக்கிழமை என் விசாரணை. உன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். "கட்டுப்பாட்டாளர் ஏதோ ஒரு வட்டார மொழியில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அந்தக் குழப்பத்தில் எண் காதில் சரியாக விழவில்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியாது."

தினமும் காலையில் எங்கள் அடுப்படியில் சம்மணம் போட்டு, "பெரீம்மா, இன்னொரு தோச கீதா?" என்று கேட்டவளுக்கா புரியவில்லை?

அதிகாரி, "அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். குரலைக் கேட்டு வேறு யாரோ தெரிந்தவள் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னேன். "உங்கள் பேச்சு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதல்லவா?" என்றார். "புரியாது சார், தப்பு என்மேலதான்" என்றேன். நீ பயத்தில் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை. நான் வேறு மாதிரி சொன்னால் உன் லைசென்ஸ் போய்விடும்.

இந்த மாதக் கடைசியில் முடிவு சொல்வார்கள். இனி என்னை மைக் பக்கம் விடமாட்டார்கள் போலிருக்கிறது. ஏதாவது ஒரு மூலையில் ஃபைல் புரட்டச் சொல்வார்கள். நான் ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை கீர்த்தி, நினைத்தால் அழுகை வருகிறது. ஆனால் தப்பு என்னுடையது என்றால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் பேசியதால்தான் உனக்கு எண் கேட்காமல் போனதா? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுது. மனசு அடங்கிவிடும்.

உன்
சுதா


பெங்களூரு
20 மார்ச் 2025

சுதா,

எண் விழுந்தது. ஏழாயிரம் என்று சுத்தமாகக் காதில் விழுந்தது.

போனில் சொன்னால் பாதியிலேயே "பரவால்லடி" என்று சொல்லிவிடுவாய். அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

கேப்டன் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். ரேடியோவும் உயரத்தைத் திருப்பி வைக்கிற குமிழும் என் பொறுப்பு. நீ என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். மூன்று வருஷமாக இங்கே எல்லோரிடமும் என் ஊர் சென்னை அடையாறு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

கேப்டன் சிரித்துக்கொண்டே, "யாரும்மா அது, உங்க ஊரா?" என்றார். நான், "சேச்சே, யாரோ பட்டிக்காடு சார். இதுங்களையெல்லாம் யாரு மைக் முன்னாடி ஒக்கார வெக்கிறாங்களோ" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குமிழைத் திருப்பினேன். ஆறாயிரத்தில் நின்றது. இருவருமே பார்க்கவில்லை.

காக்பிட்டில் பேசியதன் பதிவு, அதன்மேலேயே அடுத்த பதிவு ஏறி அழிந்துவிட்டது. கேப்டனும் வாயைத் திறக்கவில்லை. ஒழுங்காகத் திருப்பிச் சொல்லியிருந்தால் என் தப்பு எனக்கே தெரிந்திருக்கும். நீ கேட்டதற்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் ரோஜர் என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நீ எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, என்னிடமே மன்னிப்பும் கேட்கிறாய். கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நேற்று விசாரணை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "அந்த மொழி உங்களுக்கு எப்படிப் புரிந்தது?" என்றார். "எங்க வூட்ல பேசறது அதான் சார்" என்றேன். நான் பறக்கக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. வரட்டும்.

சித்திரையில் ஊருக்கு வரட்டுமா? உன்னையும் பெரியம்மாவையும் பார்க்க வேண்டும்.

கீர்த்தி


உத்திரமேரூர்
6 ஏப்ரல் 2025

கீர்த்தி,

முடிவு வந்துவிட்டது. எனக்கு இரண்டு மாதப் பயிற்சி, அப்புறம் மறுபடியும் மைக். நாளை கிளம்புகிறேன். நீ எழுதிக் கொடுத்ததால்தான் இது நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். உன்னை என்ன செய்யப் போகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

எண்ணைத் தப்பாகத் திருப்புவது யாருக்கும் நடக்கும். பயந்துபோய்ப் பொய் சொல்வதும் நடக்கும், நானும்தான் சொன்னேன்.

என்ன நடந்தது என்று அம்மா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் கொயந்த, எவ்ளோ நொந்து போயி எய்திக்கீது. சித்திரைக்கு வரச் சொல்லுடி, வடை சுட்டுப் போடறேன்" என்றாள்.

கேப்டனிடம் நீ சொன்னாயே, அந்த வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டேன். உன் மானத்தைக் காப்பாற்ற இல்லை. நீ சொன்ன "இதுங்க"வில் அம்மாவும் இருக்கிறாள். அவள் எதிரே உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போதைக்கு வராதே.

சுதா