சுருளுக்குள் வெந்த எண்ணூறு வாட்

இன்று காலை ஒருவர் கருகிப்போன வயர் சுருளைக் கொண்டுவந்து என் கடை மேசைமேல் வைத்தார். மாற்றித் தர முடியுமா என்றார். பிளாஸ்டிக் வெந்த நாற்றம் மூக்கில் ஏறியதும், நான் உன் வாயில் குத்திய அந்தப் பொழுது அப்படியே வந்து நின்றது.

நீ போய் மூன்று வருடமாகிறது. உன்னைக் கொண்டுபோனது சிறுநீரகக் கோளாறு, நெருப்பு இல்லை. அதனால்தான் இதை எழுத எனக்குத் துணிச்சல் இருக்கிறது.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவுக்கு விளக்கும் ஒலிபெருக்கியும் வருடாவருடம் நாம்தான் போடுவோம். சாமான் என்னுடையது, வேலை உன்னுடையது; முதலாளி என்ற பொருளில் என்னைத் தவுக்கே என்பாய். அந்த வருடம் சமையல் கொட்டகைக்கு வெந்நீர் போட இரண்டு பெரிய மின்பானைகளும் கேட்டார் கோயில் தலைவர். நீ வந்து சேர்வதற்குள், விளக்குகள் எரிந்த அதே நீள வயரில் நானே அவற்றையும் மாட்டிவிட்டேன். காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு வரும் பாதையில் வயர் கிடக்கக் கூடாது என்றார்கள். முழுவதும் நீட்டாமல் சுருளாகவே கொட்டகை ஓரத்தில் வைத்து, பாயைப் போட்டு மூடினேன். இரண்டு முறை ஃபியூஸ் போனது. தடித்த கம்பியாகப் பார்த்துப் போட்டேன்.

நீ வந்தபோது விளக்குகள் மங்கியிருந்தன. மீட்டரோடு வயரின் இரண்டு முனைக்கும் நடந்துவிட்டு வந்தாய்.

"இந்தப் பக்கம் எரநூத்தி நாப்பது வோல்ட். அந்தப் பக்கம் எரநூறுதான். ஓடுறது இருபது ஆம்ப். தொலைஞ்ச நாப்பத இருபதால வகுத்தா, ரெண்டு ஓம் வயர்லயே இருக்கு. நாப்பதையும் இருபதையும் பெருக்கிப் பாரு, எண்ணூறு வாட். சூடான அயர்ன் பெட்டிய பாய்ல சுத்தி வெச்சிருக்க, தவுக்கே."

பிளக்கைப் பிடுங்கினாய். காவடி உள்ளே நுழைகிற நேரம். எல்லாம் இருட்டு. உறுமிகூட நின்றுபோனது. தலைவர் உன் சட்டையைப் பிடித்தார். இத்தனை பேர் முன்னால் என் பெயர் போச்சே என்ற வெறியில் ஓங்கிக் குத்தினேன். உதடு கிழிந்து நீ விழுந்தாய். விழுந்தவனை உதைத்தேன். யாரும் தடுக்கவில்லை. பிளக்கை நானே மறுபடி சொருகினேன். விளக்கு வந்ததும் கூட்டத்தார் விசில் அடித்தார்கள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பாய் குபீரென்று தீப்பிடித்து, கொட்டகைத் துணிக்கு ஏறி, உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த ஓர் அக்காவின் சேலையைப் பற்றியது. நான் மரம்மாதிரி நின்றேன். வாயெல்லாம் ரத்தத்தோடு நீதான் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தாய். அவரைத் தரையில் தள்ளி உருட்டினாய். அவர் முதுகும் உன் இரண்டு கைகளும் வெந்தன. உயிர் தப்பினார்.

ஆஸ்பத்திரியில் நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நீ இல்லாவிட்டால் என் கடை கடையாக இருக்காது என்று அப்போது பயந்தேன். அதைவிட, என்னை மனிதனாக மதிக்க வேறு ஆளும் இல்லை. ஒன்பதாம் நாள் கட்டுப்போட்ட கைகளோடு கடைக்கு வந்தாய். கடையில் பாதியை எழுதித் தருகிறேன் என்றேன். வீங்கிய வாயால் சிரித்தாய்.

"ஒங்கடை எனக்கு எதுக்குலா?"

நீ கேட்டது இரண்டுதான். இனி நீ பிளக்கைப் பிடுங்கினால், எதிரே யார் வந்தாலும் நான் குறுக்கே நின்று அடி வாங்க வேண்டும். அந்த அக்கா வீட்டுக்கு மாதம் ஒரு முறை நானே போய், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். ஆள் விட்டு அனுப்பக் கூடாது.

எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன்.

"அவங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

அவர் இன்னும் சொல்லவில்லை.