தம்பியும் நானும் தின்னாத மீன்

மார்ச் 4, செவ்வாய்
டெவன்போர்ட்

கண் டாக்டரிடம் போய் வந்தோம். முதலில் நான், அடுத்து தம்பி டகல். இருவருக்கும் ஒரே பரம்பரை நோய். எலும்புகள் சரியாக வளராமல் நாலடியோடு நின்றுவிட்டோம். விழித்திரையும் மெல்லத் தேய்கிறது. அம்மாவும் அப்பாவும் பாரபட்சமில்லாமல் கொடுத்தது.

எனக்குப் பார்வை நன்றாகக் குறைந்துவிட்டதாம். வெள்ளைக்கோல் பிடிக்கச் சொன்னார்.

“என்னக்கா சொன்னாரு?”

“அப்படியேதான் இருக்காம். உனக்கு?”

“எனக்கும் அப்படியேதான்.”

அப்பாடா. அவனைவிட மூன்று வயது மூத்தவள் நான். எனக்கு இன்று வருவது அவனுக்கு நாளை. எப்படிச் சொல்வேன்?

மார்ச் 9

கடைத்தெருவில் டகலிடம் ஐந்து நிமிடம் பேசினேன். அது தபால்பெட்டி. அவனும் வழக்கமாகப் பதில் சொல்ல மாட்டான் என்பதால் சந்தேகமே வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

டகலின் பிறந்தநாள். துறைமுகத் தெருவில் புதிதாகத் திறந்த மீன் கடைக்குப் போனோம். கதவைத் தள்ளி உள்ளே போய் உட்கார்ந்தோம்.

“நல்ல எடம்க்கா. கூட்டமே இல்ல.”

ஒரு பெண் வந்து என்ன வேண்டும் என்றாள்.

“ரெண்டு பொரிச்ச மீன். உருளைக்கிழங்கு வறுவல் கொஞ்சம் தாராளமா.”

என் முழங்காலை ஏதோ நக்கியது.

“இங்க நாய்க்கும் பூனைக்கும்தாங்க வைத்தியம் பாக்குறோம். மீன் கடை பக்கத்துல.”

வெளியே வந்ததும் கத்தினேன். “போர்டப் படிக்கலையாடா?”

“நீ படிச்சிருப்பேன்னு நெனச்சேன்.”

“நான் நீ படிச்சிருப்பேன்னுல்ல—”

பிறகு அவன்தான் மெதுவாகச் சொன்னான். “எனக்குக் கோல் குடுத்து ரெண்டு மாசமாச்சுக்கா. கட்டிலுக்கு அடியில கெடக்கு. நீ பயந்துருவேன்னுதான்...”

அடப்பாவி. எனக்குப் பின்னால் வருகிறான் என்று நினைத்தேனே. எப்போது தாண்டிப் போனான்? நடுத்தெருவில் அழுதேன். கிளினிக்கில் நாயும் கூடவே ஊளையிட்டது. சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

ஏப்ரல் 2, புதன்

கோல் பிடிக்கும் பயிற்சி. சொல்லித்தரும் ப்ரூ எங்கள் உயரத்துக்குச் சின்னப் பிள்ளைகளின் கோல்தான் கொண்டுவந்தாள். என்னுடையதில் வாத்துப் படம். அவனுடையதில் டைனோசர். மாற்றிக்கொள்ளலாமா என்று அவனிடம் கேட்டேன், முடியாதாம்.

ஏப்ரல் 20

யார் துணையும் இல்லாமல் கடற்கரைக்கு நடந்தோம். டகல் கோலைத் தட்டிக்கொண்டு வேகமாகப் போனான்.

“அக்கா, கடல் வந்துருச்சு!”

“எப்படிடா கண்டுபிடிச்ச?”

“ஷூவுக்குள்ள இருக்கு.”

நானும் போய் நனைத்துக்கொண்டேன்.