சிரித்தால் மடங்கும் கால்கள்

செவ்வாய், இரவு.

நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஒரு ரசாயனம் ஸ்டெல்லாவின் மூளையில் குறைந்துவிட்டதாம். ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர் இன்று சொன்னார். அதனால்தான் எஸ்டேட் டீக்கடையில் வேலை நேரத்திலேயே நின்றபடி தூங்கிவிடுகிறாள். வாய்விட்டுச் சிரித்தால் கால் மடங்கி விழுவதும் அதனால்தானாம்.

கல்யாணமான நாளிலிருந்து அவளைச் சிரிக்க வைப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கெட்டிக்காரத்தனம். போன வாரம் எங்கள் லயத்து வீட்டுப் படியில் விழுந்து அவள் மோவாய் கிழிந்ததும் என் கிண்டலால்தான்.

திரும்பி வரும்போது காரில் நான் வாயே திறக்கவில்லை. திரிங்காப் மேட்டில் ஒரு முட்டைக்கோஸ் லோரி எங்கள் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியைப் போலவே இருமிக்கொண்டு ஏறியது. அதைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் உம்மென்றே இருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாயை விரித்து, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒக்காந்துட்டேன் லா. இனி எங்க போயி விழறது? அந்த லோரியப் பாத்து என்னமோ சொல்ல வந்து முழுங்கிட்டீங்க. இப்ப சொல்லுங்க."

அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.