மாளுவின் இரண்டாவது ஊசி

சாலை, திருவனந்தபுரம்
9.6.2025

அன்புத் தங்கை ரேஷ்மிக்கு,

முதலில் மானங்கெட்ட விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் மாளுவுக்குத் தட்டம்மைக்கான இரண்டாவது ஊசி போட்டாயிற்று என்று போன மாதம் எழுதினேன் அல்லவா? போடவில்லை. கூட்டிக்கொண்டுதான் போனேன். நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள். அதுவரைக்கும்தான் எனக்கு நினைவிருக்கிறது. கண்விழித்தால் பெஞ்சில் கிடக்கிறேன். மாளு என் நெற்றியில் ஊதிக்கொண்டிருக்கிறாள். "மாமா, எழும்பு. பிஸ்கட் வாங்கித் தாறேன்னு சொன்னியே!" வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். இருபது வருஷமாக ஆணி விற்கிறவன் ஊசியைப் பார்த்து விழுந்தான் என்று கடைத்தெருவுக்குத் தெரிந்தால், நான் ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

இதை இப்போது சொல்லக் காரணம், நம் தெருவில் தட்டம்மை. அங்கன்வாடியில் மூன்று பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. சுகாதார ஊழியர் ஷிபா வீடுவீடாக ஏறி இறங்குகிறாள். "அண்ணாச்சி, மோள்டெ கார்டு எவிடே?" மாளுவின் தடுப்பூசிக் கார்டைக் காட்டினால் என் குட்டு உடையும். அதனால் வாசலில் வேப்பிலை கட்டினேன். அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள் அல்லவா? பால்காரர் வரவில்லை. பேப்பர்காரர் வரவில்லை. ஷிபா மட்டும் வந்து கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனாள்! மலையாளம் எனக்கு நாக்கில் உண்டு, கண்ணில் கிடையாதே. ஆட்டோக்கார ஷாஜியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். "ஈ வீட்டில் அஞ்சாம்பனி உண்டோன்னு சம்சயம்னு எழுதியிருக்கு, அண்ணாச்சி" என்றான். வராத தட்டம்மையை நானே வீட்டுக்கு அழைத்தது போலாயிற்று.

உன் மலையில் மொபைல் எடுக்காது; எஸ்டேட் ஆபீசுக்குப் போன் செய்திருப்பேன். கிளார்க் குற்றாலலிங்கம் எடுத்தால் பொன்முடி முழுக்கத் தெரிந்துவிடுமே! மாளு நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

அண்ணன்,
அழகியநம்பி


பொன்முடி
12.6.2025

அண்ணனுக்கு,

இதை பஸ் டிரைவர் செல்வகணேஷ் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் கடிதம் மூன்று நாள் தபால் பையில் கிடந்து வந்தது. மூன்று நாள்!

இங்கே தொழிலாளர் லைன் வீடுகளிலும் தட்டம்மைதான். நேற்று வரை நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு ஊசி போட்டேன். கதவைச் சாத்திக்கொள்கிற தாய்மார்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே: "ஒங்க பிள்ளைக்குப் போட்டியளா, சிஸ்டர்?" "ரெண்டும் போட்டாச்சு" என்று சொல்லித்தான் கதவுகளைத் திறக்க வைத்தேன். உன் பேச்சை நம்பிச் சொன்னேன், அண்ணா. இன்று யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்னும் பதினாறு பிள்ளைகள் பாக்கி. இங்கே நான் ஒரே நர்ஸ். விட்டுவிட்டு வர முடியாது. நாளைக்கே போய்ப் போட்டுவிடு. நீ கூடவே இரு. அவள் மிரளும்போது பிடித்துக்கொள்ள நம் ஆள் வேண்டும். இன்னொரு பொய் சொன்னால் பிள்ளையை இங்கே கூட்டி வந்துவிடுவேன். பள்ளிக்கூடத்துக்காகத்தான் உன்னிடம் விட்டேன்; அது போனால் போகட்டும்.

அந்த வேப்பிலையைக் கழற்று.

ரேஷ்மி


சாலை
13.6.2025

அன்புள்ள ரேஷ்மிக்கு,

போட்டாயிற்று! இன்று காலை பத்தேகாலுக்கு, வலது கையில். என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணை இமைக்கவில்லை. ஊசி உள்ளே போனதையும் பார்த்தேன், வெளியே வந்ததையும் பார்த்தேன். தலை சுற்றவில்லை. "அண்ணாச்சி சிம்ஹமாணு கேட்டோ!" என்று ஷிபாவே சொன்னாள். மாளு அழக்கூட இல்லை. "உறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்தது, மாமா" என்றாள். ஷாஜி ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. பாவம், அவனுக்கு ஊசி என்றால் பயம்.

வேப்பிலையைக் கழற்றிவிட்டேன். என் வீட்டுக்கு அம்மை வந்ததாகப் பயந்து, இதுவரை ஊசியை மறுத்துக்கொண்டிருந்த நாலு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊசி போட ஓடினார்களாம். பார்த்தாயா, அண்ணனின் பொய்க்கும் ஒரு பலன் இருக்கிறது.

அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடாதே, ரேஷ்மி. சாயங்காலம் கடைக்கு வந்து திருகாணிகளுக்குப் பேர் வைக்கிறாள். பெரிசுக்கு என் பேர். அவள் வந்த பிறகுதான் இந்த வீட்டில் இரண்டாவது குரல் கேட்கிறது.

என்னை நம்பமாட்டாய் என்று தெரியும். ஷிபா கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். சீல் குத்தியிருக்கிறது, பார்த்துக்கொள்.

அண்ணன்,
அழகியநம்பி


பொன்முடி
14.6.2025

அண்ணனுக்கு,

செல்வகணேஷ் கையில் நீ கொடுத்தனுப்பிய சீட்டு கிடைத்தது. மருந்து, தேதி, சீல் எல்லாம் சரி. பார்த்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பதினாறு பிள்ளைகளுக்கும் இன்று போட்டு முடித்தேன்.

நாளை ஞாயிறு. முதல் பஸ்ஸில் வருகிறேன். மாளுவின் துணிகளை மடித்து வை.

சீட்டின் அடியில் ஷிபா மலையாளத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். "குழந்தையை மடியில் வைத்திருந்தவர்: ஷாஜி, ஆட்டோ டிரைவர்."

ரேஷ்மி