பை மாற்றும் பாடம்

7-7-2025, திங்கள்

லீலாவுக்கு இனி வீட்டிலேயே டயாலிசிஸ். வயிற்றில் வைத்த குழாய் வழியாகப் பழைய நீரை வடித்துவிட்டு, புதுப் பையிலுள்ள நீரை உள்ளே விட வேண்டும். தினமும் மூன்று முறை. செய்ய வேண்டியவன் கணவனான நான். புண் ஆறிவிட்டது, வரும் ஞாயிறு தொடங்கலாம் என்றார் வேலூர் டாக்டர் ஹேமநாத். இணைக்கும் முனையில் விரல் பட்டால் கிருமி உள்ளே போகும், உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். சவ்வூடு பரவலைப் படம் போட்டு விளக்கினார். அருமையான விளக்கம். பள்ளியில் வேதியியல் நடத்திய காலத்தில் நானும் அப்படித்தான் விளக்கினேன். எல்லாம் புரிந்தது. ஆரணிக்கு வந்து பையைக் கையில் எடுத்தால், எந்தக் கை எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை.

8-7, செவ்வாய்

பயிற்சி தர ரேணுகாதேவி என்ற நர்ஸ் வந்தாள். சனிக்கிழமை வரை வந்தவாசியிலிருந்து வந்து போவாளாம். பொய்க் குழாய் தைத்த துணி ஒன்றை என் இடுப்பில் கட்டிவிட்டு, "செய்ங்க சார்" என்றாள். விளக்கம் எதுவும் இல்லை.

பைக்குப் பை குளுக்கோஸ் அளவு ஏன் மாறுகிறது என்று கேட்டேன்.

"அதெல்லாம் டாக்டரக் கேளுங்க சார். பக்கத்து வூட்டுத் தறிப் பிசிறு பறந்துகினு வருது, ஜன்னல மூடினீங்களா?"

மூடவில்லை. ஆனால் பதில் அவளுக்கே தெரியாது. இவளை நம்பியா லீலாவின் வயிறு?

9-7, புதன்

இன்று அவள் செய்து காட்டினாள். பாதியில் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியது. பார்த்தேன். சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் பரவாயில்லையோ என்னவோ.

அவள் போன பிறகு லீலாவிடம் சொன்னேன்.

"அவகிட்டயே சொல்றதுதானே?"

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

10-7, வியாழன்

கை கழுவிய பிறகு செல்போனை நகர்த்தி வைத்தாள். அதே கையால் பையைப் பிடித்தாள். பொய்க் குழாய்தான், ஆனாலும் பழக்கம் பழக்கம்தானே?

அவளும் லீலாவும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் நின்றுவிட்டது. என்ன சிரிப்பு? என்னைப் பற்றியா?

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஒரு பெண்ணின் வேலை போய்விடும். என் கண்ணே தப்பாகப் பார்த்திருந்தால்?

11-7, வெள்ளி

அவளை நம்பவில்லை. என்னையும்.

12-7, சனி

அவள் கட்டைவிரல் முனையில் பட்டது. நன்றாகவே பட்டது. அப்படியே இணைக்கப் போனாள்.

"நில்லு! தொட்டுட்ட... தொட்டுட்டீங்க!"

இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்ததா?

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"இதுக்குத்தான் சார் காத்துகினு இருந்தேன். பாத்துட்டுப் பாத்துட்டு சும்மாவே இருந்தீங்க. நாளைலேர்ந்து இந்த ரூம்ல நான் இருக்க மாட்டேன். உங்க கை தப்பு பண்ணா யாரு கத்துவாங்க?"

லீலாவுக்கு முன்பே தெரியுமாம். "நீங்க வாயே தொறக்க மாட்டீங்கன்னு பந்தயம் கட்டினேன். தோக்க வெச்சிட்டீங்களே!"

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அந்த மாஸ்க்கும் வேண்டுமென்றே செய்ததுதானா என்று கேட்டேன்.

"அதுவா? அது நெஜமாவே எறங்கிடுச்சு சார். அதயும் சொல்லியிருக்கணும் நீங்க."

20-7, ஞாயிறு

மாலைப் பை. ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலை மூடினேன், கை கழுவினேன். லீலா கண்களை மூடிப் படுத்திருந்தாள். புதுப் பையின் மூடியைக் கழற்றும்போது சுண்டுவிரலில் ஏதோ உரசியது. முனையா? முனைக்குப் பக்கத்திலா? ரேணுகாதேவி இருந்திருந்தால் பார்த்திருப்பார். இப்போது யாரும் பார்க்கவில்லை. ஒரு நொடியில் இணைத்துவிடலாம்.

"நில்லு" என்றேன்.

லீலா கண் திறந்தாள். "யாரச் சொல்றீங்க?"

"என்னத்தான்."

அந்தப் பையை ஒதுக்கிவிட்டு, திரும்பவும் கை கழுவப் போனேன்.