அம்மாவின் நைட் டியூட்டி முடிந்தது

அன்பு மகள் அனுவுக்கு, பட்டினப்பாக்கத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக் குட்டியும் அந்த அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க தினமும் செபமாலை சொல்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, நீ வீடியோவில் வந்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை டீ குடித்துக்கொண்டு நிற்கிறார், ஒண்ணுக்குப் போகிற சமாச்சாரத்தை அப்படியா பேசுவது.

உன் பிரசவத்துக்கு வரமாட்டேன், மீன் வியாபாரத்தை யார் பார்ப்பது என்று சொன்னதும் நீ அழுதாயே, அது வியாபாரத்துக்காக இல்லை கண்ணு. ராத்திரி படுத்தால் சும்மா சும்மா எழுந்து ஓட வேண்டியிருந்தது, ஒரு நாள் பாத்ரூம் போவதற்குள் புடவையே நனைந்துவிட்டது. ஏரோப்ளேனில் அத்தனை நேரம் அடைந்து உட்கார்ந்து, கண்ணயர்ந்த நேரத்தில் சீட்டை நனைத்துவிட்டால் மானம் கப்பலேறிவிடுமே என்று பயந்தேன். சர்க்கரை வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, உன்னிடம் வாயைத் திறக்காமல் இனிப்பில்லாத காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

மந்தைவெளித் தெருமுனையில் என்னிடம் வாடிக்கையாகச் சங்கரா மீன் வாங்குவாரே ஜலஜா டாக்டரம்மா, அவர்தான் என் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு கிளினிக்குக்கு வரச் சொன்னார். ரத்தம் பார்த்ததில் சர்க்கரை இல்லை. பகலில் எத்தனை தடவை போவீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாக, கூடையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு தடவை, நடுவில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். விழித்திருக்கும்போது மூத்திரப் பை பாதி நிறைந்ததுமே கூப்பிட ஆரம்பிக்குமாம், தூங்கும்போது மூளை அதைச் சும்மா இரு என்று அடக்கிவைத்து, சிறுநீரகத்தையும் மெதுவாக வேலை செய்யச் சொல்லுமாம், அதனால்தான் மனுஷர் விடியும்வரை படுக்க முடிகிறதாம். நானோ பகலெல்லாம் கருவாடாகக் காய்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடித்தேன். பகல் முழுக்கத் தொங்கப்போட்ட காலில் தேங்குகிற நீரும் படுத்ததும் மேலே ஏறிச் சிறுநீராக வருமாம். "உங்க பைக்கு நீங்களே நைட் டியூட்டி போட்டுட்டீங்க ஜான்சி" என்றார். நர்ஸைப் பெற்றவளுக்கு நைட் டியூட்டி தெரியாதா, எனக்கு வந்த சிரிப்பில் அங்கேயே பாத்ரூம் எங்கே என்று கேட்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது பகலில் தண்ணீர் குடிக்கிறேன், பொழுது சாய்ந்தால் குறைத்துக்கொள்கிறேன், சாயங்காலம் காலைத் தலையணை மேல் தூக்கிவைத்து மகாராணி மாதிரி கிடக்கிறேன். பகலில் எங்கே போவது என்று கேட்பாய். நான் கூடை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இஸ்திரி போடுகிறாளே ரத்னா, அவளிடம் எதிர் அபார்ட்மெண்ட் கீழ் பாத்ரூம் சாவி இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது, கேட்க வெட்கப்பட்டு நானும் கேட்கவில்லை, எனக்குத் தேவையே இல்லை என்று நினைத்து அவளும் சொல்லவில்லை. நான் போய் வருவதற்குள் அவள் இஸ்திரிப் பெட்டியோடு ஓடிவந்து வவ்வால் மீனையே விற்றுவிடுகிறாள், சைவக்காரி, வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிற அழகை நீ பார்க்க வேண்டும்.

போன வாரம் நடந்ததைக் கேள். அப்பா விடிய கடலுக்குக் கிளம்பும்போது நான் எழுந்திருக்கவே இல்லை. இவள் ராத்திரியும் எழவில்லையே என்று மனுஷனுக்குச் சந்தேகம், என் மூக்கில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார். "இன்னா ஜான்சி, உசுரோட கீறியா?" என்று உலுக்கினார். கண்ணைத் திறந்தால் ஜன்னலில் வெளிச்சம், பாய் காய்ந்து கிடக்கிறது. நான் அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன், அவர் பயந்தே போய்விட்டார். அன்றைக்குப் போட் லேட்டு.

நீ வார்டில் ஓடுகிற ஓட்டத்தில் அடக்கிவைத்துக்கொண்டு நிற்காதே. இந்த மாதத்தில் ராத்திரி எழுந்தால் பயப்படாதே, குட்டி அழுத்துகிறது, ஆனால் எரிச்சல் இருந்தால் உடனே காட்டு. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல், விஷயத்தை மட்டும் சொல்லாதே.

மாதா உன்னையும் குட்டியையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். மறக்காதே, டிக்கெட் போடு, அம்மா வருகிறேன். பாத்ரூம் பக்கத்து சீட்டு வேண்டாம், ஜன்னல் ஓரமாகப் போடு, மேலிருந்து அப்பா போட் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

உன் அம்மா,
ஜான்சி மரியசெல்வம்